கழன்ற சக்கரம்

தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கக்கூடாது என்று கார்லா டீக்மன் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று மணி அடிக்கட்டும். அதற்குள் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அடித்தபோதும் அப்படித்தான் காத்திருந்து எடுத்தாள்.

"மிஸஸ் டீக்மனா? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். உங்க மகன் நோலன் இங்க இருக்காரு. உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல, மொதல்ல அதச் சொல்லிடறேன்."

அதற்கப்புறம் அந்தப் பெண் சொன்னது எதுவும் கார்லாவின் காதில் ஏறவில்லை. கோட்டின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, பாதி வழியில் அதைக் கவனித்து, அப்படியே காரை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். இரண்டு பக்கமும் பாதி அறுத்த சோளக்காடு. ஒவ்வொரு வேலியிலும் அவள் கணவனின் பெயர் நீலத்தில் எழுதி நின்றது. 'கர்ட்டிஸ் டீக்மன். காங்கிரஸுக்கு.' அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அவன் நிற்கிறான். போன வருஷம் இதே நாளில் அந்தப் பெயர் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியின் கதவில் மட்டும்தான் இருந்தது.

எல்லாம் மார்ச் மாதம் நடந்த ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. ஆலைப்புகையைப் பூமிக்கடியில் கொண்டுபோக ஒரு கம்பெனி குழாய் பதிக்க வந்தது. நிலம் தர மறுத்தவர்களிடமிருந்து அரசாங்கமே பிடுங்கிக் கொடுக்கும் என்றார்கள். கர்ட்டிஸ் எழுந்து நாலு நிமிஷம் பேசினான். "கடவுள் குடுத்த நிலத்துக்கு வேலி போடறது என் வேலை. அத அவுக்கறதுக்கு வாஷிங்டனுக்கு யார் உரிமை குடுத்தது?" அந்த நாலு நிமிஷத்தை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பினார்கள். ஜூனில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் அவன்தான். அரசியலில் அதற்கு முன் அவன் நின்றது தேவாலய மூப்பர் தேர்தலில் மட்டும். அதிலும் போட்டி இல்லை.

செப்டம்பர் கடைசியில் அழைப்புகள் தொடங்கின. எண் தெரியாது. சில நாள் வெறும் மூச்சு. சில நாள் ஓர் ஆண் குரல், இரண்டே வார்த்தை: "நின்னு பாரு."

இதெல்லாம் போதாதென்று போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த பண்ணைக்காரர் ஹார்லன் ஃபோஸ். குழாய்க்கு நிலம் தருகிறேன் என்று முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். தேவாலய வாசலில், சபை முழுக்கக் கேட்க, கர்ட்டிஸின் சட்டையைப் பிடித்தார். "நீ ஜெயிச்சா அது என் பொணத்து மேலதான். ஞாபகம் வெச்சுக்க."

இருபது வருஷம் ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டில் தொங்கிய பழக்கம்.

*

நோலன் படுக்கையில் சாய்ந்திருந்தான். நெற்றியில் ஆறு தையல். தோள் எலும்பு முறிந்து கையைக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை, அம்மாவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"சாயங்கால விவாதத்துக்குப் போர்டெல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன்மா. பாலத்துக்கு முன்னாடி வண்டி ஆட ஆரம்பிச்சுது. ரோடு மோசம்னு நெனச்சேன். திடீர்னு பாத்தா எனக்கு முன்னால ஒரு சக்கரம் தனியா ஓடுது. எவனோடதுடா இதுன்னு யோசிக்கறேன். நம்முளுது."

"பேசாம இரு," என்றாள் கார்லா. அவன் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விடத் தோன்றவில்லை.

சன்னலோரம் கர்ட்டிஸ் நின்றான். ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் மெதுவாகப் பேசினார்.

"முன்னால இடது சக்கரம். ஒரு நட்டு கூட இல்ல. மத்த மூணு சக்கரமும் கல்லு மாதிரி இறுகியிருக்கு. யார் கடைசியா கை வெச்சது?"

"பனிக்கால டயர் மாத்தினோம். புதன்கிழமை. பிரிட்டா மாத்தினா."

"உங்க பொண்ணா?"

"பத்து வயசுலேர்ந்து மாத்தறா. என்னைவிட நல்லாச் செய்வா. அதுக்கப்புறம் வண்டி களத்துலதான் நின்னுச்சு. நான் மூணு நாளா எங்க மேனேஜர் கில்லஸ்பி கார்லதான் சுத்தறேன். இன்னிக்குக் காலையிலதான் நானே அத எடுக்கறதா இருந்தேன். ரேடியோக்காரன் போன் பண்ணவும் நோலன அனுப்பினேன். இது எனக்கு வெச்சது."

"விசாரிக்கறேன்," என்று ஷெரிஃப் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

கில்லஸ்பி தாழ்வாரத்தில் போனில் இருந்தான். கட்சி அனுப்பிய பிரச்சார மேலாளர், முப்பத்தோரு வயசு. அவன் ஷூவில் மட்டும் எப்போதும் புழுதி ஒட்டாது. தண்ணீர் எடுக்கப் போன கார்லா நின்று கேட்டாள்.

"ஒரு வரி போதும். 'வேட்பாளரின் மகன் உயிர் தப்பினார். சக்கரத்தின் நட்டுகள் கழற்றப்பட்டிருந்தன.' ஆமா, கழற்றப்பட்டிருந்தன. யாருன்னு நாம சொல்ல வேணாம். ஊரே சொல்லிக்கும்."

அவளைப் பார்த்ததும் போனை அணைத்தான். "கார்லா, நீங்க பயப்படாதீங்க. நாலு மணி விவாதத்துல கர்ட்டிஸ் இதப் பத்திப் பேசுவாரு. இனிமே ஒருத்தன் உங்க வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டான்."

பயப்படாதே என்று சொல்வதற்கு ஒருவன் ஒரு தடவையாவது பயந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

*

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஃபோஸ் பண்ணையைத் தாண்ட வேண்டும்.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஆறு பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழெட்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. கத்தவில்லை, கல் எறியவில்லை. இருவர் தலையில் கர்ட்டிஸின் பெயர் போட்ட தொப்பி. எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஒருவரின் பிள்ளைகளுக்கு அவள்தான் ஞாயிறு வகுப்பு எடுத்தாள்.

அவள் காரைக் கண்டதும் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள்.

மாடிச் சன்னலில் திரை விலகி மூடியது. அது ஹார்லனின் மனைவி மேவிஸ். கார்லாவுக்குத் தெரியும். வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. நம்ம பக்கமும் ஆள் இருக்கு. அவங்களும் கொஞ்சம் பயப்படட்டும்.

வீட்டில் சலவை அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தரையில் பிரிட்டா உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயசு, அப்பாவின் தோளும் அம்மாவின் பிடிவாதமும். மிஷினுக்குள் துணி இல்லை. வெறும் தண்ணீர் சுழன்றது.

"நோலன் நல்லா இருக்கான். சாயங்காலம் விட்டுடுவாங்க," என்றாள் கார்லா.

"அம்மா, ஹார்லன் பண்ணல."

"அது ஷெரிஃப் பாத்துக்குவாரு."

"நான் பண்ணேன்."

கார்லா மிஷினை நிறுத்தினாள்.

"புதன்கிழமை மூணு சக்கரம் முழுசா முடிச்சுட்டேன்," என்றாள் பிரிட்டா. தரையைப் பார்த்தே பேசினாள். "நாலாவது கையால திருகி, ஜாக்கிய எறக்கியாச்சு. ஸ்பேனர் போட்டு இறுக்கறதுதான் பாக்கி. அப்ப என் போன் அடிச்சுது."

"யாரு?"

"அவன்தான். 'தனியாவா இருக்கே பிரிட்டா'ன்னு கேட்டான். பேர் சொல்லி. 'முடியக் கட்டிக்க, சக்கரத்துல மாட்டிக்கும்'னான்."

அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். களத்துக்கு எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரச் சோளம்.

"ஸ்பேனரப் போட்டுட்டு உள்ள ஓடி வந்து எல்லாக் கதவையும் பூட்டினேன். உன் கார் சத்தம் கேக்கற வரைக்கும் குளியலறையில உக்காந்திருந்தேன். அப்புறம் அந்தச் சக்கரம் எனக்கு நெனப்பே வரல. இன்னிக்கு நீ போன் பண்ணி சொன்னப்பதான் வந்துச்சு."

"ஏன்டி சொல்லல? மூணு நாளா வாயத் தொறக்காம இருந்திருக்கே."

"சொன்னா நீ அப்பாவ விலக வெச்சிருப்பே. வெச்சிருக்க மாட்டே?"

கார்லா வைத்திருப்பாள்தான். அன்று ராத்திரிக்குள்.

மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. இவள் வாயை மூடிக்கொண்டால் போதும். தேர்தலுக்குப் பத்து நாள். ஹார்லன் சட்டையைப் பிடித்தது பொய்யா? 'பொணத்து மேல' என்றது பொய்யா? கொஞ்ச நாள் அவர் தலையில் இருக்கட்டுமே.

அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எழுந்திரு. முகம் கழுவு," என்றாள். "மணி மூணேகால் ஆச்சு."

"அப்பா கிட்ட நானே சொல்றேன்."

"நான் சொல்றேன். நீ என் கூட இரு. என் கண்ணுலயே இரு."

*

பள்ளிக்கூட விளையாட்டரங்கம் நிரம்பியிருந்தது. ஒரு மூலையில் தாய்மார்கள் மாட்டிறைச்சிக் குழம்பும் பட்டைத்தூள் தூவிய சுருள் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கார்லா உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாக எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

பிரிட்டாவை முதல் வரிசையில் உட்காரவைத்து, பையையும் கோட்டையும் மடியில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் பையன்கள் உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

கர்ட்டிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கில்லஸ்பி அவன் டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவள் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. நாலு வாக்கியம்.

கர்ட்டிஸ் பேப்பரை மடியில் போட்டான். "சோளத்துக்குள்ள நின்னானா? அவ பேரச் சொன்னானா?"

"ஆமா."

"சரி," என்றான் கில்லஸ்பி. அவனுக்கு மூச்சு விடும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. "இது இந்த ரூமோட முடியட்டும். கர்ட்டிஸ், நீங்க பொய் சொல்ல வேண்டாம். சக்கரம் கழண்டுச்சு, நட்டு இல்ல, பையன் பொழச்சான், வீட்டுக்கு மிரட்டல் வருது. நாலும் உண்மை. அவ்வளவுதான் சொல்லப் போறீங்க."

"காலையில நீங்க அனுப்பின செய்தியில 'கழற்றப்பட்டிருந்தன'ன்னு இருந்துச்சு," என்றாள் கார்லா.

"அத இப்ப மாத்தினா நம்மள ஏமாத்துக்காரன்னு சொல்லுவாங்க. பத்து நாள்ல தேர்தல். உங்க பொண்ணு பேர் நாடு பூரா நாறும். அதுவா வேணும் உங்களுக்கு?"

"ஹார்லன் வீட்டு முன்னால ஆறு வண்டி நிக்குது. நான் பாத்தேன். பாத்துட்டுக் கையாட்டிட்டு வந்தேன்."

கர்ட்டிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை மாதத்தில் மைக் முன்னால், கூட்டத்தில், கேமராவில் எங்கும் அவள் காணாத முகம் அது. முதல் பிரசவத்தன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்த்த முகம்.

"கார்லா, உண்மையச் சொன்னா நான் தோத்துருவேன்."

"தெரியும்."

"சொல்லலன்னா?"

"ஜெயிப்பே. அப்புறம் நம்ம வீட்டுல நீயும் நானும் சாப்பாட்டு மேஜையில உக்காந்து ஜெபம் பண்ணணும்."

வெளியே அவன் பெயரை அழைத்தார்கள். கர்ட்டிஸ் எழுந்து போனான். பேப்பரையும் எடுத்துக்கொண்டு போனான்.

*

அவள் அரங்கத்தின் பக்கவாட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். உட்கார முடியவில்லை. கண் மேடையிலேயே இருந்தது.

மேடையில் இரண்டு மேஜைகள். எதிர் மேஜையில் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பதவியில் இருக்கும் திருமதி லிண்ட். கர்ட்டிஸிடம் ஏதோ கேட்டாள். நோலனைப் பற்றியாக இருக்கும். அவன் தலையசைத்தான்.

முதல் இரண்டு நிமிஷம் கர்ட்டிஸுக்கு. கில்லஸ்பி சுவரோரமாக வந்து கார்லாவின் பக்கத்தில் நின்றான்.

"வணக்கம்," என்றான் கர்ட்டிஸ். பேப்பரைப் பார்த்தான். அதை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தான். யாரோ தட்டில் ஸ்பூனை வைக்கும் சத்தம் கேட்டது.

"காலையில என் பையனுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஆளுங்க ஒரு செய்தி அனுப்பினாங்க. அதுல ஒரு தப்பு இருக்கு. நட்ட யாரும் கழட்டல. அதுவாக் கழண்டுச்சு. என் வீட்டுல டயர் மாத்தினோம், ஒரு சக்கரத்த இறுக்காம விட்டுட்டோம். நாங்க விட்டோம். வேற யாரும் இல்ல."

கில்லஸ்பி வெளியே நடந்தான். கதவு அவன் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்கு மிரட்டல் வருது. அதுவும் நெசம்தான்," என்றான் கர்ட்டிஸ். "அது யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. ஆனா ஹார்லன் ஃபோஸ் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நிக்கறவங்க யாரா இருந்தாலும், என் பேர்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க. தனி மனுஷன் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து மிரட்டக்கூடாதுன்னுதான் நான் இந்தத் தேர்தல்லயே நிக்கறேன்."

கை தட்டல் இல்லை. பின்வரிசையில் ஒருவன், "அப்ப எங்களுக்கு எதுக்குய்யா பொய் சொன்னீங்க?" என்றான். இன்னொருவன் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கடியில் போட்டுவிட்டு எழுந்து போனான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். திருமதி லிண்ட் தன் முன்னால் இருந்த குறிப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கர்ட்டிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோற்றுவிட்டான் என்று கார்லா நினைத்தாள். அதில் அவளுக்கு வருத்தம் வரவில்லை. திரும்பி மகளைத் தேடினாள். அவளும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் வரிசையில் கோட்டு இருந்தது. பை திறந்து கிடந்தது. பிரிட்டா இல்லை.

"பிரிட்டாவப் பாத்தீங்களா?" பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டாள்.

"அப்பவே போயிட்டாளே. உங்க வீட்டுக்காரர் மேடை ஏறறதுக்கு முன்னாடியே. 'நேர்ல போய்ச் சொல்லணும்'னா. என்னன்னு தெரியல."

பையில் கார் சாவி இல்லை.

செல்போன் கார்லாவின் கையிலேயே அதிர்ந்தது. மூன்று தடவை மணி அடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"கார்லா, நான் மேவிஸ்." கிசுகிசுப்பாக, வேகமாக வந்தது குரல். "உன் கார் எங்க வாசல்ல வந்து நிக்குது. ரோட்டுல இருக்கற ஆளுங்களத் தாண்டி உள்ளயே வந்துடுச்சு. வெயில் கண்ணாடியில அடிக்குது, உள்ள யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் எறங்க வேணாம்னு சொல்லு. ஹார்லன் காலையிலேர்ந்து துப்பாக்கிய வெச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்காரு. சாப்பிடல. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு."

"மேவிஸ், அது பிரிட்டா. அது எம் பொண்ணு. ஹார்லன் கிட்ட கத்திச் சொல்லு."

"ஐயோ, பிரிட்டாவா," என்றாள் மேவிஸ்.

போனுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கார்லாவுக்குத் தெளிவாகக் கேட்டது.